ஆன்சியின் நாற்பது மணி நேரம்

குன்னூர் வண்டிச்சோலையில் ஜஸ்டஸ் வாத்தியார் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டால், அவருடைய மகள் ஆன்சி டம்ளரை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. அருவருப்பு அவளுக்குச் சட்டென்று வரும். வந்தால் முகத்தில் அப்படியே நிற்கும், மறைக்கத் தெரியாது. எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்காது, எச்சில் கை பிடிக்காது, பல்லைக் குத்திக்கொண்டே பேசுகிறவர்களைப் பிடிக்கவே பிடிக்காது. ஒன்றைச் செய்துவிட்டு வேறொன்றை எழுதி வைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு வயிற்றைப் பிரட்டும்.

பத்து வயதில் ஒரு நாள், பக்கத்துத் தோட்டத்து லிங்கசாமி, ஃபேக்டரி வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தேயிலை மூட்டையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டாள். தண்ணீரும் இலையோடு சேர்ந்து எடையில் ஏறும். எல்லாரும் செய்கிற வேலைதான். வண்டி வந்ததும் இவள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அண்ணா, அந்த மூட்டையில தண்ணி ஊத்தியிருக்குதுங்க" என்று சத்தமாகச் சொன்னாள். லிங்கசாமி இரண்டு வருஷம் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. ஜஸ்டஸ்தான் கிறிஸ்துமஸ் கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

இப்போது ஆன்சிக்கு இருபத்தாறு வயது. விமானி. சரியாகச் சொன்னால், விமானி ஆவதற்குள் இந்த உலகத்தின் மேல் காறித் துப்பாத குறையாக ஆகிப்போனவள்.

ஜஸ்டஸ் குன்னூரில் ஓர் உதவி பெறும் பள்ளியில் கணக்கு வாத்தியார். அம்மா எல்சா கொலக்கம்பைப் பக்கம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டிரிப் ஏற்றினால் ஏற்றிய நேரம், எடுத்தால் எடுத்த நேரம், அந்த நிமிஷமே சார்ட்டில் எழுத வேண்டும் என்பது எல்சாவின் பிடிவாதம். "அப்பறம் எழுதறதெல்லாம் எழுத்தில்ல கண்ணு, கதை" என்பாள். ஆன்சிக்கு அம்மாவிடமிருந்து மூக்கும் வந்தது, இந்தப் பழக்கமும் வந்தது. மூக்கால் ஒரு கெடுதலும் வரவில்லை.

பிளஸ் டூ முடித்தவள் பைலட் ஆகப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. கோத்தகிரிப் பக்கம் இருந்த நிலத்தை விற்றார், வங்கியில் கடன் எழுதினார், மகளை அனுப்பினார். ஐரோப்பாவின் தெற்குக் கடலோரத்தில் ஒரு பறக்கும் பள்ளி. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில் கொட்டுகிற ஊர். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து, கொடியில் கிடக்கும் துணியை மறுபடி ஈரமாக்கிவிட்டுப் போகிற ஊரில் பிறந்தவள், எதிரே ஒன்றும் தெரியாமல் விமானம் ஓட்டுவது எப்படி என்று கற்றுக்கொள்ள ஒரு வெயில் ஊருக்குப் போனாள். அந்தக் கூத்தை நினைத்து அவளே பலமுறை சிரித்திருக்கிறாள், ஆரம்பத்தில்.

எதிரே ஒன்றும் தெரியாமல் ஓட்டுவதற்குத்தான் கருவிப் பறத்தல் என்று பெயர். மேகத்துக்குள் போய்விட்டால் வானமும் தெரியாது, தரையும் தெரியாது. முன்னால் இருக்கிற கருவிகளின் முள்ளையும் எண்ணையும் மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். மேகம் கிடைக்காத நாளில் ஹூட் என்று ஒரு தொப்பியைத் தலையில் மாட்டிவிடுவார்கள். ஊட்டிக் குதிரைக்குக் கண்ணோரம் பட்டை கட்டுவார்களே, அதுபோல வெளியே பார்வை போகாமல் அது மறைத்துவிடும்.

குன்னூர்க்காரிக்குப் பனி என்ன புதுசா என்று நினைத்துக்கொண்டுதான் முதன்முதலாக நிஜ மேகத்துக்குள் போனாள். இங்கே பஸ் டிரைவர்கள் பனியில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ரோட்டோர வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே பர்லியாறு வரைக்கும் இறக்கிவிடுவார்கள். அங்கே தலையை நீட்ட ஜன்னலும் இல்லை, பார்க்கக் கோடும் இல்லை. இரண்டாவது நிமிஷத்தில் விமானம் இடதுபக்கம் சாய்ந்துகொண்டே போகிறது என்று உடம்பு அடித்துச் சொன்னது. கருவியோ நேராகத்தான் போகிறாய் என்றது. உடம்பை நம்பி வலதுபக்கம் திருப்பினாள். பக்கத்தில் இருந்த பயிற்றுநர் கையைத் தட்டிவிட்டுத் தானே பிடித்திருக்காவிட்டால், இந்தக் கதையை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். இறங்கியதும் ஓடுபாதை ஓரத்தில் குத்துக்காலிட்டு வாந்தி எடுத்தாள். தன் உடம்பே தன்னிடம் பொய் சொன்னது அவளுக்குப் பெரிய அசிங்கமாக இருந்தது.

அன்றைக்கு ஒரு சின்ன நோட்டு வாங்கினாள். கண் வெளியே போகாத நிமிஷங்களை மட்டும் எழுதுவதற்கு. மேகத்துக்குள் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம். ஹூட் மாட்டிய நேரம், கழற்றிய நேரம். தொடையில் கட்டியிருக்கிற பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டு, இறங்கியவுடன் நோட்டில் ஏற்றிவிடுவாள். இத்தனை நிமிஷம் பழகியிருக்கிறேன் என்று தெரிந்தால்தானே அடுத்த மேகத்துக்குள் தைரியமாகப் போக முடியும்? வேறு எந்த நோக்கமும் அதில் இல்லை.

பறந்த நேரத்தை எழுதப் பள்ளி கொடுத்த லாக் புத்தகத்தில் கணக்கு வேறு மாதிரி. கருவி விதிகளின்படி பறக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கட்டுப்பாட்டு அறையின் சொற்படி ஓட்டினால், புறப்பட்டதிலிருந்து நிறுத்துகிற வரைக்கும் மொத்த நேரத்தையும் ஒரு கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம். ஐ.எஃப்.ஆர். நேரம் என்று அதற்குப் பெயர். வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தாலும், கீழே கடலில் போகிற படகை எண்ணிக்கொண்டே ஓட்டினாலும் கணக்கு அதுதான். அந்த ஊரில் அது தப்பே இல்லை. விதி அப்படி, கட்டத்தின் தலைப்பும் அப்படி, எழுதுகிறவர் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இந்தியாவில் அந்தக் கட்டமே வேறு. விதி எது என்பது பெரிய விஷயமில்லை, கண்ணால் வெளியே பார்க்காமல் கருவியை மட்டும் பார்த்து எத்தனை நேரம் ஓட்டினாய், அதை எழுது என்கிறது இங்கே உள்ள சட்டம். ஒன்றைப் பெயர்த்து இன்னொன்றில் வைத்தால் அது ஈர இலையை எடை போடுகிற வேலை. தண்ணீரும் சேர்ந்து ஏறும்.

ஆன்சியின் லாக் புத்தகத்தில் ஐ.எஃப்.ஆர். கட்டத்தின் கூட்டுத்தொகை நாற்பத்தாறு மணி பத்து நிமிடம். நோட்டில் பதினெட்டு மணி நாற்பது நிமிடம். தரையில் இருந்தபடியே பழகுகிற சிமுலேட்டரில் ஓட்டிய பதினைந்து மணி நேரம் இரண்டுக்கும் பொது. இந்தியாவில் வேண்டியது நாற்பது. நோட்டை நம்பினால் முப்பத்து மூன்று மணி நாற்பது நிமிடம்தான் வருகிறது. ஆறு மணி இருபது நிமிடம் குறைச்சல்.

ஊருக்கு வந்ததும் இந்திய உரிமத்துக்கான தேர்வுகளை எழுதினாள், எல்லாவற்றிலும் தேறினாள். வெளிநாட்டு உரிமத்தை இங்கே மாற்றுகிற காகித வேலைக்கு ஏஜெண்ட் இல்லாமல் முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள். கோயம்புத்தூரில் கீர்த்திவாசன் என்று ஒருவர். மாடியில் ஆபீஸ், கீழே புரோட்டாக் கடை. படியேறும்போதே பழைய எண்ணெய் நாற்றம் மூக்கைப் பொத்தவைத்தது. கீர்த்திவாசன் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு அவளுடைய லாக் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஈரம். இரண்டு வருஷமாக உறை போட்டு வைத்திருந்த புத்தகம். ஆன்சிக்கு அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம் போலிருந்தது.

அவர் விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பித் திருப்பிக் காட்டினார். 'கருவி நேரம்' என்ற கட்டத்தில் நாற்பத்தாறு பத்து.

"சார், அது ஐ.எஃப்.ஆர். நேரமுங்க. இன்ஸ்ட்ருமென்ட் நேரம் வேறங்க."

"ஏம்மா, அங்கிருந்து வர்ற அத்தன பேரும் இதத்தான் போடறாங்க. ஸ்கூல்காரனே முத்திரை குத்திக் குடுத்துட்டான். உங்களுக்கு என்னங்க கஷ்டம்?" என்றார், பல்குச்சியைத் தேடிக்கொண்டே.

ஆன்சி வாயைத் திறந்தாள். ஆறு மணி இருபது நிமிடத்தை மறுபடி பறக்க வேண்டும் என்றால் அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள். பஸ்ஸில் மலையேறும்போது கல்லாறு தாண்டியும் அந்தக் கைவிரல்களைச் சேலைத்தலைப்பு இல்லாததால் ஜீன்ஸில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் டெனினைப் பார்த்தாள். ஊட்டிக்காரன், அதே பள்ளியில் கூடப் படித்தவன், ஆறு மாதமாக ஒரு விமானக் கம்பெனியில் துணை விமானி. சேரிங் கிராஸ் பேக்கரியில் பஃப்ஸைப் பிய்த்துத் தின்றுகொண்டே, சட்டை முழுக்கத் துகளோடு சொன்னான்: "நானும் அதத்தான் போட்டேன் புள்ள. பத்தலன்னு இன்னும் நாலு மணி நேரம் பேனாவுலயே பறந்துட்டேன். யாரு பாக்கறாங்க?"

"மேகத்துக்குள்ள போறப்ப உன்ற கை பாக்கும்ல?" என்றாள் ஆன்சி.

"ஆட்டோபைலட் இருக்குதுல்ல!" என்று சிரித்தான். அவன் பல்லில் ஒட்டியிருந்த முட்டைக்கோசைப் பார்த்துவிட்டு, அவள் தன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். நூற்றெண்பது பேரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பறக்கிறவன் இவன். அதைவிடக் குமட்டியது, தானும் அதே கட்டத்தில் அதே மாதிரி எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டவள் என்பது.

இதற்குள் ஜஸ்டஸ் ஒரு வேலை செய்திருந்தார். உலகத்தில் வாத்தியார் சாதி மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியைத் தபாலில் அனுப்பும் பொறுப்பு அவருடையது. முப்பது வருஷமாகப் பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பங்களை அனுப்பிப் பழகிய கை. இணைப்பு குறைந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும் என்பது அவருக்கு வேதவாக்கு. பிறப்புச் சான்றிலிருந்து தடுப்பூசி அட்டை வரைக்கும் எடுத்துவைத்தார். மகள் மேசையில் பறப்பு சம்பந்தமாக ஒரு சின்ன நோட்டு இருந்தது. நல்ல கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. அதையும் ஜெராக்ஸ் எடுத்தார். சான்றொப்பம் வேண்டுமே? அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி என்று அவருக்குத் தெரிந்தவர் கால்நடை மருத்துவர் ஒருவர்தான். மேகத்துக்குள் போய் வந்த நிமிஷங்கள் எழுதிய இருபத்து மூன்று பக்கத்திலும் மாட்டு டாக்டர் பச்சை மையில் 'உண்மை நகல்' என்று கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். இணைப்பு பதினான்கு என்று எண் கொடுத்து, பதிவுத் தபாலில் சேர்த்து, ரசீதைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "எல்லாம் பக்காவா அனுப்பிச்சாச்சு கண்ணு" என்றார்.

ஐந்து வாரம் கழித்து விமானத்துறை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. லாக் புத்தகத்தில் கருவி நேரம் நாற்பத்தாறு பத்து, இணைப்பு பதினான்கில் பதினெட்டு நாற்பது, இரண்டும் ஒத்துப்போகவில்லை, விளக்கம் தரவும்.

கீர்த்திவாசன் போனிலேயே கத்தினார். மறுநாள் நேரில் போனபோது, எதிரே உட்கார்ந்திருந்த வாத்தியாரைப் பார்த்து, "ஏனுங்க சார், படிச்சவருதானுங்களே நீங்க? எவனாச்சும் அவனவன் டைரியக் கொண்டுபோய் கவர்மென்ட்டுக்கு அனுப்புவானா?" என்றார். ஜஸ்டஸ் குடையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். மகள் இன்னொருவர் எதிரில் அப்பா அப்படிக் கூனிக் குறுகி உட்கார்ந்ததை இதற்கு முன் பார்த்ததில்லை.

ஏஜெண்ட் ஒரு தாளை நீட்டினார். தயாராக அச்சடித்து வைத்திருந்தார். மேற்படி நோட்டு என்னுடைய சொந்தக் குறிப்பு, தோராயமாகவும் கவனக்குறைவாகவும் எழுதப்பட்டது, அதிலுள்ள நேரங்கள் உண்மையானவை அல்ல, பள்ளி சான்றளித்த லாக் புத்தகத்தில் உள்ளதே உண்மை என்று உறுதி கூறுகிறேன். கீழே ஒரு புள்ளிக்கோடு.

"ஒரு கையெழுத்துங்க. நாலே நாள்ல முடிச்சுத் தர்றேன். ஏர்லைன்காரன் ஜூன்ல எடுக்கறான். அதுக்குள்ள லைசென்ஸ் கையில இல்லைன்னா அடுத்தது எப்பன்னு அவனுக்கே தெரியாது" என்றார். அது பொய்யில்லை. அந்தக் கம்பெனிதான் அந்த வருஷம் புதியவர்களை எடுக்கிற ஒரே இடம். வங்கிக் கடனும் வீட்டுக் கவலையும் அந்த ஜூன் மாதத்தை நம்பித்தான் இருந்தன.

ஆன்சி தாளை இரண்டு முறை படித்தாள். முதல் தடவை பொய்யை உண்மை என்று எழுதச் சொன்னார்கள், எழுதினாள். இப்போது உண்மையைப் பொய் என்று எழுதச் சொல்கிறார்கள். அவள் வாழ்க்கையில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய ஒரே புத்தகம் அந்த நோட்டு. புழு நெளிகிற சோற்றை முன்னால் வைத்துச் சாப்பிடு என்பதுபோல இருந்தது அவளுக்கு.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேனுங்க" என்றாள்.

"அப்பறம் என்ன எழுதுவீங்க?"

"நடந்தத எழுதுவேனுங்க."

கீர்த்திவாசன் கட்டைவிரலை நாக்கில் வைத்து அடுத்த ஃபைலைத் திறந்தார். உங்கள் இஷ்டம் என்பதற்கு அவருடைய ஆபீஸில் அதுதான் அடையாளம் போலும்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஜஸ்டஸ், "நான் அந்த நோட்ட அனுப்பாம இருந்திருக்கலாம் கண்ணு" என்றார்.

"நான் மொதல்லயே அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடாம இருந்திருக்கலாமுங்கப்பா" என்றாள் ஆன்சி. தெரிந்தே கையெழுத்துப் போட்டதை அதுவரை அவள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. எல்சா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆன்சி இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினாள். அந்த நாட்டு விதி இது, நம் நாட்டு விதி இது, இரண்டுக்கும் வித்தியாசம் இது. லாக் புத்தகம் அந்த நாட்டு விதிப்படி சரி. நம் விதிப்படி எண்ண வேண்டியது நோட்டில் உள்ளது. என் விண்ணப்பத்தில் ஒன்றை இன்னொன்றின் கட்டத்தில் போட்டது தவறு, தெரிந்தே கையெழுத்திட்டேன், வருந்துகிறேன். குறைகிற ஆறு மணி இருபது நிமிடத்தைப் பறந்துவிட்டு வர அனுமதி வேண்டும். எழுதி முடித்தபோது பல நாள் குளிக்காமல் இருந்துவிட்டுக் குளித்ததுபோல இருந்தது. தானே தபாலில் சேர்த்தாள், இணைப்பு எதுவும் இல்லாமல்.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. அலுவலகம் அவளுடைய கடிதத்தை வெளிநாட்டுப் பள்ளிக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருந்தது. பள்ளி ஒரே வரியில் பதில் போட்டிருந்தது: எங்கள் கருவி விதிப் பயணங்கள் அனைத்தும் கருவிகளைக் கொண்டே ஓட்டப்பட்டவை, நாற்பத்தாறு மணி பத்து நிமிடம் சரியானது. பக்கத்தில் வட்ட முத்திரை. படகு எண்ணிக்கொண்டு பறந்த நாட்களுக்கும் சேர்த்து அந்த ஒரு முத்திரை. அலுவலகத்தின் கடிதம் அதைவிடச் சுருக்கம். விண்ணப்பதாரர் குறிப்பிடும் நோட்டு அங்கீகரிக்கப்பட்ட ஆவணம் அல்ல. பயிற்றுநர் ஒப்பமோ பள்ளி முத்திரையோ அதில் இல்லை. பள்ளி சான்றளித்த நேரமே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. உரிமம் வழங்கப்படுகிறது.

காகிதம் கேட்டதைக் காகிதம் கொடுத்தது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. மாட்டு டாக்டரின் பச்சை மையை விமானத்துறை எந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளும்? ஆனால் தவறு செய்தேன் என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தவளிடம், இல்லையம்மா நீ சொன்ன பொய்தான் சரி என்று திருப்பி அனுப்பியதை நினைக்க நினைக்க அவளுக்கு வாயெல்லாம் கசந்தது. கீர்த்திவாசன் வாழ்த்துச் சொல்லிப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அவள் பெயரைச் சொல்லி நன்றி ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். நம் சபையிலிருந்து ஒரு விமானி என்று எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். ஆன்சி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமான பெண் என்று பின் வரிசையில் யாரோ சொன்னார்கள்.

திங்கட்கிழமை பெட்டியைக் கட்டினாள். மலைக்குக் கீழே இரண்டு மாவட்டம் தள்ளி ஒரு சின்னப் பறக்கும் கிளப். கையில் மிச்சமிருந்த சேமிப்பை எடுத்துக்கொண்டு போனாள். பயிற்றுநர் சகாயம், ஓய்வு பெற்ற விமானப்படைக்காரர், அவளுடைய உரிமத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"லைசென்ஸ்ல இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கே வச்சுக்கிட்டு ஹூட் போட்டுப் பறக்கணும்ங்கறீங்க. எதுக்கும்மா?"

"எனக்கு ஆறு மணி இருபது நிமிஷம் பாக்கி இருக்குதுங்க சார்."

"யாருக்கு பாக்கி?"

அவள் ஹூட்டை எடுத்துக்கொண்டு விமானத்தைப் பார்த்து நடந்தாள். அவரும் பின்னாலேயே வந்தார். மே மாத வெயிலில், கொதிக்கிற காக்பிட்டில், வேர்வை கண்ணில் வழிய, ஹூட்டை மாட்டிக்கொண்டு ஐந்து நாளில் ஆறு மணி இருபது நிமிடம் ஓட்டினாள். மூன்றாம் நாள் உடம்பு மறுபடி அதே பொய்யைச் சொன்னது, இடது பக்கம் சாய்கிறாய் என்று. முள்ளைப் பார்த்தாள். கையை அசைக்கவில்லை. சகாயம் பக்கத்திலிருந்து அதைக் கவனித்துவிட்டு, வெளியே பார்த்தார். நோட்டைக் காட்டியபோது கேட்காமலேயே ஒவ்வொரு வரிக்கும் ஒப்பமிட்டு, கிளப் சான்றிதழும் கொடுத்தார்.

நாற்பது. இப்போது நிஜமாகவே நாற்பது. ஆனால் அவளுடைய உரிமக் கோப்பில் சிமுலேட்டர் பதினைந்தையும் சேர்த்து ஏற்கெனவே அறுபத்தொன்று பத்து இருந்தது. உண்மையாகப் பறந்த ஆறு இருபதும் அதன் மேல்தான் ஏறியது, அறுபத்தேழு முப்பது ஆனது. தண்ணீர் ஊற்றிய மூட்டையில் நல்ல இலையைப் போட்டாலும் மொத்த எடை பொய்தான். திரும்பி வரும் பஸ்ஸில் அது புரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை. பக்கத்து சீட்டுப் பெண்மணி சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

விமானக் கம்பெனியின் படிவத்தில் 'மொத்தக் கருவி நேரம்' என்ற இடத்தில் நாற்பது என்று எழுதி, கிளப் சான்றிதழையும் சேர்த்து அனுப்பினாள்.

ஜூன் இருபதாம் தேதி, கடைசி நாள், மாலை நாலு மணிக்குப் போன் வந்தது. எல்சா லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். ஜஸ்டஸும் இருந்தார். ஆன்சி போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"மேடம், நான் காயத்ரி, ரெக்ரூட்மென்ட் டெஸ்க். நீங்க குன்னூருங்களா? நான் ஈரோடுங்க" என்றது ஓர் இளம் குரல். நல்ல பெண். குரலிலேயே தெரிந்தது. "உங்க ஃபாரத்துல ஒரு சின்ன மிஸ்டேக்குங்க. இன்ஸ்ட்ருமென்ட் நேரம் நாப்பதுன்னு போட்டிருக்கீங்க. லைசென்ஸ் ஃபைல்லயும் கிளப் சர்டிபிகேட்லயும் சேர்த்து அறுபத்தேழு முப்பது வருதுங்க. நீங்க சரின்னு சொன்னாப் போதும், நானே மாத்திடறேன்."

"நாப்பதுதானுங்க சரி."

"இல்லைங்க மேடம், கொறச்சுப் போட்டிருக்கீங்க. உங்களுக்குத்தாங்க நஷ்டம்."

"கொறச்சுப் போடல. நான் பறந்தது நாப்பது."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம். "மேடம், சிஸ்டம் ஏத்துக்கலைங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா ஃபால்ஸ் டிக்ளரேஷன்னு விழுந்துடும். அப்படி விழுந்தா இந்த வருஷம் மட்டுமில்லைங்க, அப்பறமும் எங்க கம்பெனில நீங்க அப்ளை பண்ண முடியாது. ஒரே ஒரு சரின்னு சொல்லுங்க மேடம். அஞ்சு மணிக்கு லிங்க் மூடிடும்."

ஆன்சி அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. முகத்தில் அந்தப் பழைய சுளிப்பு வந்து நின்றது, இந்தத் தடவை யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"காயத்ரி, நாப்பதுதானுங்க. அது பொய்யின்னு உங்க சிஸ்டம் சொன்னா, நான் பொய் சொன்னேன்னே எழுதிக்குங்க."

போனை வைத்தாள். எல்சா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எத்தன மணிக்கு மூடறாங்களாம்?"

"அஞ்சுக்குங்கம்மா."

சுவர்க் கடிகாரத்தில் நாலே கால். அந்தப் பெண்ணின் நம்பர் போன் திரையில் அப்படியே இருந்தது. ஜஸ்டஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்சா மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். யாரும் போனைத் தொடவில்லை.